பொதுப் பகைவன் என்னும் பொய்

ஜாதிச் சண்டைகளையும் மொழிச் சண்டைகளையும் தேசங்களுக்கிடையே மூளும் யுத்தங்களையும் கண்டு மனம் சலித்தவர்கள், "வேறொரு கிரகத்திலிருந்து எவனாவது படையெடுத்து வந்தால்தான் இந்த மனித ஜாதி ஒன்றுபடும்" என்று பெருமூச்சு விடுவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். காபிக் கிளப்பின் அலுப்புப் பேச்சு என்று இதைத் தள்ளிவிடுவதற்கில்லை. அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த ரொனால்ட் ரீகன், 1987-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையிலேயே, பூமிக்கு வெளியிலிருந்து ஓர் ஆபத்து வந்தால் நம்முடைய பேதங்கள் எவ்வளவு விரைவில் மறைந்துபோகும் என்று தாம் அவ்வப்போது எண்ணிப் பார்ப்பதாகப் பேசினார். அவரோ ஹாலிவுட்டில் நடிகராயிருந்து அந்தப் பதவிக்கு வந்தவர். ஆகையால் இந்த எண்ணம் எந்தக் கடையில் வாங்கியது என்று ஊகிப்பது கஷ்டமல்ல. சரித்திரத்தில் இதற்குச் சான்று தேடினால் அகப்படாது என்பது என் கட்சி. அதற்கு நான் சாட்சிக்கு அழைப்பது நான் குடியிருக்கும் பெங்களூரையே.

அந்தப் படங்களில் ருசியே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. பிளாசா, ரெக்ஸ், கேலக்ஸி என்று ஆங்கிலப் படங்களுக்குப் பேர்போன கொட்டகைகள் இவ்வூரில் உயிரோடிருந்த நாட்களில், 1996-இல், ரோலண்ட் எம்மரிக்கின் 'இண்டிபென்டன்ஸ் டே' வெளிவந்தது. ஒரு நகரத்தையே மூடக்கூடிய ராட்சத விண்கலத்தின் நிழல் கட்டடங்களின்மேல் மெல்ல மெல்லப் படர்ந்து, தெருவில் போகிறவர்கள் ஒவ்வொருவராகத் தலைநிமிர்ந்து, கடைசியில் வெள்ளை மாளிகை ஒரே கதிரில் வெடித்துச் சிதறும் வரையில், கையிலிருந்த சோளப்பொரியை வாய்க்குக் கொண்டுபோக மறந்தவர்கள் அநேகர். நாசத்தைப் பத்திரமான நாற்காலியிலிருந்து பார்ப்பதில் மனிதனுக்கு ஆதிகாலம் தொட்டு ஓர் ஆனந்தம் உண்டு. பரணியில் பேய்கள் கூழ் அடுவதை ரசித்த பரம்பரையில் வந்த நாம் இதைக் கண்டு முகம் சுளிப்பதற்கு நியாயமில்லை. இதற்குமேல் இன்னொரு சௌகரியமும் அங்கே கிடைக்கிறது. மாண்டுபோகும் பகைவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை உண்டா, அவன் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்குமா என்று யாரும் கேட்கவேண்டியதில்லை. பாவமில்லாத கொலையைப் பணம் கொடுத்துப் பார்க்கலாம்.

ஆனால் அந்தப் படத்தில் உலகம் ஒன்றுபடுவதாகச் சொல்லப்படும் கட்டத்தைச் சற்று நிதானித்துப் பாருங்கள். பகைவனை வீழ்த்தும் உபாயத்தை அமெரிக்கர் கண்டுபிடித்து, மற்ற தேசங்களுக்கு மோர்ஸ் தந்திக் குறிகளில் அறிவிக்கிறார்கள். இராக் பாலைவனத்தில் விமானங்களோடு கூடியிருக்கும் பல தேசத்துப் படைவீரர்களில் ஓர் ஆங்கில அதிகாரி அந்தச் செய்தியைக் கேட்டு, இவ்வளவு நேரம் கழித்தாவது கிளம்பினார்களே என்ற தோரணையில் ஆறுதலடைகிறார். அதுவரை அவர்களுக்கு ஒரு யோசனையும் தோன்றவில்லை. உத்தரவு வரும் என்று காத்திருந்தார்கள், வந்தது. அமெரிக்க ஜனாதிபதியோ தம் பிரசங்கத்தில், ஜூலை 4 இனிமேல் உலகம் முழுமைக்கும் சுதந்திர தினம் என்று சாசனம் செய்துவிடுகிறார். ஆகஸ்ட் 15 என்று சொந்தமாக ஒரு நாளை வைத்துக்கொண்டிருக்கும் நம்மவர்களும் அந்த இடத்தில் கைதட்டினார்கள். அண்மைக் காலத்து ஹாலிவுட் படங்கள் பலவற்றில் எரியும் தீயையும் இடியும் மாடங்களையும் சட்டம் சட்டமாகக் கத்தரித்து ஒட்டிய இளைஞர்கள் இதே பெங்களூரின் கணினிக்கூடங்களில் இராப் பகலாய் உழைத்தவர்கள் என்பதையும், படத்தின் முடிவில் அவர்கள் பெயர்கள் ஓடும்போது கொட்டகை காலியாகிவிடும் என்பதையும் இதோடு சேர்த்து எண்ணிக்கொள்ளலாம்.

மெய்யான படையெடுப்பு எப்படியிருக்கும் என்று அறிய விரும்புகிறவர், கிருஷ்ணராஜ மார்க்கெட்டின் இரைச்சலிலிருந்து சிறிது விலகி, பெங்களூர்க் கோட்டையில் இன்று எஞ்சியிருக்கும் டெல்லி வாசல் பக்கம் போய்ப் பார்க்கட்டும். 1791-ஆம் வருஷம் மார்ச் மாதம் 21-ஆம் தேதி ஆங்கிலேயர் எந்த உடைப்பின் வழியாக உள்ளே பாய்ந்தார்கள் என்று தெரிவிக்கும் கல்லொன்று அந்தச் சுவரில் பதிந்திருக்கிறது. பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் அதை ஏறிட்டும் பார்ப்பதில்லை. கடல் கடந்து வந்தவன், வேறு நிறத்தவன், வேறு மொழியினன், மேலான பீரங்கி உடையவன் என்று பொதுப் பகைவனுக்குரிய லக்ஷணங்கள் யாவும் பொருந்தி வந்த கார்ன்வாலிஸ் பிரபுவை எதிர்த்து, தக்ஷிண தேசத்து அரசர்கள் ஒன்றுகூடினார்களா? ஹைதராபாத் நிஜாமும் மராட்டியரும் அந்தப் பரதேசியோடு சேர்ந்துகொண்டு மைசூரை ஆண்ட திப்புவின் மேல் பாய்ந்தார்கள். மறுவருஷம் திப்பு பாதி ராஜ்யத்தை இழந்தபோது அதைப் பங்கிட்டும் கொண்டார்கள். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோதும் நிஜாமின் சேனை ஆங்கிலேயர் பக்கத்திலேயே நின்றது. பகைவன் வந்தவுடன் நம்முடைய பேதங்கள் மறையவில்லை. அவன் ஏறிவரும் படிக்கட்டுகளாயின.

அப்புறம் நடந்ததும் சினிமாவுக்கு ஏற்றதல்ல. ஸ்ரீரங்கப்பட்டணத்தின் விஷஜுரம் தாங்கமாட்டாத வெள்ளைச் சேனை, 1809-இல் பெங்களூரின் குளிர்ச்சியை நாடி வந்து தண்டு இறங்கியது. அந்தத் தண்டோடு சென்னை ராஜதானியிலிருந்து சிப்பாய்களும் சமையல்காரர்களும் வியாபாரிகளும் வந்தார்கள். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் இன்றும் தமிழ் ஒலிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். படையெடுப்பவன் தனியே வருவதில்லை. சம்பளம் கொடுத்து நம்மவரையே அழைத்துக்கொண்டு வருகிறான். விண்கலத்தில் வருகிற அசுரனுக்குப் பூமியில் ஒரு குமாஸ்தாவும் ஒரு காண்டிராக்டரும் கிடைக்காமல் போவது எப்படி என்று அந்த டைரக்டர்களை யாரும் கேட்பதில்லை!

இந்த வகைக் கதைகளுக்கு மூலபுருஷரான எச். ஜி. வெல்ஸுக்கு இது தெரிந்திருந்தது. 1898-இல் புத்தகமாக வந்த 'உலகங்களின் யுத்தம்' நாவலின் முதல் அத்தியாயத்திலேயே, செவ்வாய்க்கிரகத்தாரைக் கொடியவர்கள் என்று பழிப்பதற்கு முன், டாஸ்மேனியாவின் ஆதிக்குடிகளை ஐரோப்பியர் எப்படி அழித்தார்கள் என்பதைத் தம் ஜனங்களுக்கு நினைவூட்டுகிறார். நாம் பிறருக்குச் செய்ததை நமக்கு ஒருவன் செய்தால் எப்படியிருக்கும் என்பதே அவர் கேள்வி. கதையில் செவ்வாய்க்காரர்களை மாய்ப்பதும் மனிதனுடைய வீரமல்ல, கண்ணுக்குத் தெரியாத கிருமிகளே. ஹாலிவுட் வியாபாரிகள் கிருமியைக் கணினி வைரஸாக மாற்றினார்கள், அதை ஏவும் கையை அமெரிக்கனுடைய கையாக்கினார்கள், டாஸ்மேனியாவைத் துடைத்துவிட்டார்கள். ஆசிரியர் காட்டிய கண்ணாடியை எடுத்துவிட்டுச் சட்டத்தை மட்டும் மாட்டிவைத்த காரியம் இது.

கிருமியென்றதும், 2020-ஐ மறந்துவிட்டா பேசுகிறோம் என்று கேட்கலாம். ஜாதி, மதம், பாஸ்போர்ட் எதையும் பார்க்காத அசலான பொதுப் பகைவன் அப்போது வந்தான். பணக்கார தேசங்கள் தங்கள் ஜனத்தொகைக்கு வேண்டியதைக் காட்டிலும் பன்மடங்கு தடுப்பூசிக்கு முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொண்டன. இங்கே கர்நாடக அரசு, கட்டட முதலாளிகளைக் கலந்து பேசியபின், சொந்த ஊருக்குப் போகத் தவித்த வெளிமாநிலத் தொழிலாளிகளின் ரயில்களை அந்த மே மாதத்தில் ரத்து செய்தது; நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகே மறுபடி விட்டது. அதற்கு எட்டு வருஷங்களுக்கு முன், 2012 ஆகஸ்டில், பகைவன் எவனும் வராமலே, வரப்போகிறான் என்று கைத்தொலைபேசியில் பரவிய வதந்தி ஒன்றே போதுமானதாயிருந்தது. வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் மூட்டை கட்டிக்கொண்டு பெங்களூர் ரயில் நிலையத்தில் நெருக்கியடித்து குவாஹாட்டி வண்டியேறினார்கள். பொதுப் பகைவனுக்கு அஞ்சும் கூட்டம் தனக்குள்ளேயே ஒரு வேற்றாளைத் தேடும் என்பதை அந்தப் பிள்ளைகள் அனுபவித்துத் தெரிந்துகொண்டார்கள்.

படங்களின் சாஸ்திர ஞானத்தைப் பற்றி அதிகம் சொல்வது கௌரவமல்ல. 2011-இல் வந்த ஒரு படத்தில் லாஸ் ஏஞ்சல்ஸைத் தாக்குகிறவர்கள் நம் தண்ணீருக்காக வருகிறார்களாம். நூறு கிலோமீட்டர் தள்ளி ஓடும் காவிரியைப் பெங்களூருக்கு மேலேற்றுவதற்குள் மின்சாரக் கட்டணம் என்னவாகிறது என்று இவ்வூர்க் குடிநீர் வாரியத்தாரைக் கேட்டிருந்தால், நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தண்ணீர் சுமக்கும் யோசனையை அந்தப் படமெடுத்தவர்கள் கைவிட்டிருப்பார்கள்.

வருகிறவன் எதற்காக வருகிறான் என்பதில் நம்மவர்களுக்கு வேறு கற்பனைகள் தோன்றாமலில்லை. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து 1963-இல் வெளிவந்த 'கலை அரசி'யில், விஞ்ஞானத்தில் தேர்ந்து சங்கீதத்தில் வறுமைப்பட்ட ஒரு கிரகத்தார் பாடத் தெரிந்த பெண்ணொருத்தியைத் தேடி வருகிறார்கள். கடத்திப்போவது குற்றமே, ஆனாலும் பூமியில் கவர்ந்துபோகத்தக்கது பாட்டு என்று நினைத்த அந்த அட்டைத் தட்டுப் படத்தின் புத்தியை, கோடி கோடியாய்க் கொட்டியெடுத்த இருநூறு விண்கலப் படங்களுக்கு நான் ஈடாகக் கொடுக்கமாட்டேன். அதற்குச் சில வருஷம் கழித்து, 1967-இல், சத்யஜித் ராய் வங்காளத்துக் கிராமக் குளமொன்றில் இறங்கும் சாதுவான ஜீவனைப் பற்றி ஒரு திரைக்கதை எழுதினார். கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் அதில் உற்சாகம் காட்டினார், கொலம்பியா கம்பெனி எடுக்க முன்வந்தது, பீட்டர் செல்லர்ஸ் நடிப்பதாயிருந்தது. ராய் ஹாலிவுட் போய்ச் சேர்ந்தபோது, நடுவிலிருந்து பேசி முடித்த மைக் வில்சனுடைய பெயரும் பிரதிகளின் உரிமையில் ஏறியிருந்ததைக் கண்டார். ஒருவரும் யுத்தத்துக்கு வராத அந்தக் கதையில் மனிதர்களுக்குள் மூண்ட உரிமைத் தகராறு தீர்வதற்குள் ஆசை தணிந்து, படம் எடுக்கப்படாமலே நின்றுபோயிற்று.