நெஞ்சுக்குப் பகை, புவிக்கும் பகை

நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு வரும் பெண்களிடம் "புகைப்பழக்கம் உண்டா?" என்று கேட்டால் சிலர் சிரித்துவிடுவர், சிலர் கோபித்துக்கொள்வர். பீடியைக் கையாலும் தொட்டறியாத அவர்களுள் சிலரது மூச்சுக்குழாய்கள், பல்லாண்டு புகைபிடித்தவருடையவை போலச் சுருங்கியிருப்பதைக் காண்கிறோம். "எத்தனை வருடம் விறகடுப்பில் சமைத்தீர்கள், அம்மா?" என்ற அடுத்த கேள்வியில்தான் காரணம் வெளிப்படுகிறது.

அடுப்பில் விறகு முழுமையாக எரிவதில்லை. எரியாமல் எஞ்சுவது கரித்துகளாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் வெளியேறுகிறது. 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் காற்றுப்பைகள்வரை சென்று படிகின்றன. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், மாரடைப்பு, பக்கவாதம், குழந்தைகளின் நிமோனியா ஆகியவற்றுக்கு இவை வழிவகுக்கின்றன. வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அதே கரித்துகள்தாம் வெயிலை உறிஞ்சி வளிமண்டலத்தையும் சூடாக்குகின்றன.

ஆகவே, புகையைக் குறைக்கும் அரசுத் திட்டம் எதுவாயினும் அதனை மருத்துவத் திட்டமாகவே நான் கருதுகிறேன். தமிழக அரசு 2007இல் தொடங்கிய இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், மத்திய அரசு 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டமும் அத்தகையவை. புவி வெப்பத்தைத் தணிப்பதன் பயனைப் பேரப்பிள்ளைகள் காண்பர். புகை தணிவதன் பயனையோ அடுப்படியில் நிற்பவரே தம் வாழ்நாளில் காண்பார்.

எனினும் அடுப்பை மாற்றினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்வது நேர்மையாகாது. தமிழகத்தின் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளையும் உள்ளடக்கி, நான்கு நாடுகளில் ஏறத்தாழ 3,200 கருவுற்ற பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2022இல் வெளிவந்தது. விறகடுப்பைத் தொடர்ந்தவர்கள் சுவாசித்த நுண்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே எரிவாயுவுக்கு மாறியவர்கள் சுவாசித்தனர். ஆயினும் குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. குறைந்துவிட்ட அந்த அளவும், உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் 5 மைக்ரோகிராமைவிடப் பல மடங்கு மிகுதியே. ஒரு வீட்டின் அடுப்பு அணைந்தாலும் தெருவின் புகை உள்ளே வருமன்றோ?

நம் கூடலூரில் இன்னொரு தடை உண்டு. தோட்டத்து விறகு காசின்றிக் கிடைக்கிறது. சிலிண்டருக்கோ காசு வேண்டும். சமையலுக்கு எரிவாயு வைத்திருக்கும் வீட்டிலும் வெந்நீருக்கு விறகடுப்பு எரிகிறது. மார்கழிக் குளிரில், மலைகள் சூழ்ந்த நம் பள்ளத்தாக்கில் அப்புகை எளிதில் கலைவதில்லை. உஜ்வலா பயனாளிகளுக்கு 2023 அக்டோபரில் ஒரு சிலிண்டருக்கு 300 ரூபாயாக மானியம் உயர்த்தப்பட்டது வரவேற்கத்தக்கது. நுரையீரல் நோயாளரும் கருவுற்ற பெண்களும் உள்ள வீடுகளுக்கு அதனை இன்னும் உயர்த்த வேண்டும் என்பது என் கருத்து. மூச்சுத்திணறலுடன் ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்தால், அக்குடும்பம் இழக்கும் கூலியும் செலவும் பல சிலிண்டர்களின் விலைக்குச் சமமாகும். கம்பம் கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாலைகளின் மின்சாரத்தால் அடுப்பெரியும் நாள் வருமாயின் அது இன்னும் நன்று. எரிவாயுவும் புவியைச் சூடாக்கும் எரிபொருள்தானே.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நோயாளரை அடுப்படியில் உட்கார வைக்காதீர்கள். வெந்நீர் அடுப்பை வீட்டுச் சன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். கவாத்து செய்த கொடிகளையும் குப்பையையும் எரிக்காமல் மட்கச் செய்யுங்கள். மூச்சு சீரானதாகத் தோன்றினாலும் மருத்துவரைக் கேட்காமல் இன்ஹேலரை நிறுத்தாதீர்கள்.

அடுத்த முறை வரும்போது, வீட்டில் எந்த அடுப்பு எரிகிறது என்பதையும் எங்களிடம் சொல்லுங்கள். அதுவும் நோயின் வரலாறே.