ஸ்டூடியோவுக்குப் பேர் வைக்கிற ஆக்களுக்கு

எங்கட பக்கம் புதுசா ஸ்டூடியோ திறக்கிறவை 'பிக்சல்', 'பிரேம்ஸ்', 'கிளிக்ஸ்' எண்ட மூண்டு சொல்லையும் மாத்தி மாத்திப் பூசுகினம். கலியாண வீட்டில ஒரு அம்மம்மா "ஆர் தம்பி படமெடுக்கிறது?" எண்டு கேட்டா, அந்தப் பேர் அவவின்ர வாயில நிக்குமா? அடுத்த கலியாணத்துக்கு உங்களைச் சொல்லிவிடப் போறதே அவதான்!

சங்கச் சொல் தேடுறவையோடும் எங்களுக்குச் சண்டை இருக்கு. இன்ஸ்டாகிராம் பயனர்பெயரில தமிழ் எழுத்து ஏறாது. ழகரத்தை ஆங்கிலத்தில யாழுக்கு ஆர்-எல், ஈழத்துக்கு எல், தமிழ்நாட்டில இசட்-எச் எண்டு எழுதுறம். பிறகு வாடிக்கையாளர் எதை அடிச்சு உங்களைத் தேடுறது?

பிரதேச செயலகத்தில பதிய முன்னம் பேரை ஒருக்கா போனில சொல்லிப் பாருங்கோ. உங்கட ஒழுங்கையின்ர பேரை, அப்பப்பாவின்ர பழைய கடைப் பேரை வையுங்கோவன். அதில வெக்கப்பட என்ன கிடக்கு?