தூரிகைக் கதைகள்: காப்பி அடித்தார்... கோர்ட்டில் ஜெயித்தார்!

ஆசைப்பட்டு வாங்கிய ஓவியம் போலி என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்? விற்றவரிடம் சண்டைக்குப் போவீர்கள். பணம் திரும்பி வராவிட்டால், கேஸ் போடுவீர்கள்.

17-ம் நூற்றாண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில், துறவியர் மடம் ஒன்றின் தலைவர் அதைத்தான் செய்தார். ஆனால் தீர்ப்பு வந்தபோது சிரித்தது, போலியை வரைந்தவர்!

அவர் பெயர் லூக்கா ஜோர்தானோ. பின்னாளில் ஸ்பெயின் மன்னரின் அரசவை ஓவியராக உயர்ந்தவர். ரஃபேல், டிஷியன், டியூரர் என்று யாருடைய பாணியைக் கேட்டாலும் அச்சு அசலாக வரைந்து கொடுக்கும் கில்லாடி.

‘சீக்கிரம் முடிடா!’

1634-ல் நேப்பிள்ஸில் பிறந்தவர் லூக்கா. அப்பா அந்தோனியோவும் ஓவியர்தான், ஆனால் பெரிய பெயர் இல்லை. மகனின் கையில் இருந்த வித்தை, அப்பாவுக்கு வருமானமாகத் தெரிந்தது. புகழ்பெற்ற ஓவியங்களைப் பார்த்து வரையச் சொல்லி விற்றார். ‘லூக்கா, சீக்கிரம் முடி!’ என்று விரட்டிக்கொண்டே இருப்பாராம். இத்தாலிய மொழியில் ‘ஃபா பிரெஸ்தோ’. அதுவே லூக்காவின் பட்டப்பெயராகி, கடைசி வரை ஒட்டிக்கொண்டது.

இளம் வயதில் ரிபேராவின் பாணி. ரோம் நகருக்குப் போனால் ரஃபேல். வெனிஸ் ஓவியங்களைப் பார்த்தால் டிஷியன், வெரோனேசே. பார்த்ததை எல்லாம் கை பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்தில் இது தப்பும் இல்லை. மேதைகளைப் பார்த்து வரைவதுதான் ஓவியப் பள்ளியின் பாடமே.

அந்த ‘டியூரர்’ ஓவியம்

சிக்கல் 1653 வாக்கில் வந்தது. லூக்காவுக்கு அப்போது 20 வயதுகூட ஆகவில்லை. நடக்க முடியாத ஒருவரை இயேசு குணப்படுத்தும் காட்சியை, ஜெர்மன் மேதை ஆல்பிரெக்ட் டியூரரின் பாணியில் வரைந்தார். டியூரர் இறந்து அப்போதே 120 வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. ‘ஏ’ என்ற எழுத்தின் கால்களுக்கு நடுவே ‘டி’ இருக்கும் டியூரரின் பிரபல முத்திரையையும் விடாமல் போட்டார்.

நேப்பிள்ஸின் சான் மார்த்தினோ மடத்தின் தலைவர், ‘ஆஹா, டியூரர்!’ என்று அதை வாங்கிவிட்டார். இங்கேதான் ட்விஸ்ட். ஓவியத்தின் ஓரத்தில், ஃப்ரேம் மறைக்கும் இடத்தில் லூக்கா தன் சொந்தப் பெயரையும் எழுதி வைத்திருந்தார்!

உண்மை தெரிந்ததும் மடத்தின் தலைவர் வழக்குப் போட்டார். ‘டியூரர் அளவுக்கு நன்றாக வரைந்ததற்காக ஒருவரைக் குற்றம் சொல்ல முடியாது’ என்ற ரீதியில் தீர்ப்பானது என்று லூக்காவின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

டியூரரும் கேஸ் போட்டவர்தான்

இதில் இன்னொரு சுவாரஸ்யம். டியூரர் உயிரோடு இருந்தபோது, அவருடைய அச்சுப் படங்களை மார்க்கந்தோனியோ ரைமோந்தி என்ற இத்தாலியக் கலைஞர் முத்திரையோடு சேர்த்து காப்பி அடித்தார். டியூரர் வெனிஸ் அரசிடம் முறையிட்டார் என்று வசாரி என்ற ஓவியர் பதிவுசெய்திருக்கிறார். ‘படத்தைப் பார்த்து வரையலாம், டியூரரின் முத்திரையை மட்டும் போடக்கூடாது’ என்று முடிவானதாம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெனிஸ் கையை விட்டுவிட்டது, பெயரைப் பிடித்தது. நேப்பிள்ஸ் கையைப் பாராட்டியது, பெயரைக் கண்டுகொள்ளவில்லை. என் ஓட்டு வெனிஸுக்கு. ஒருவருடைய பாணியைக் கற்றுக்கொள்வது படிப்பு. அவருடைய பெயரைப் போட்டு விற்பது ஏமாற்று. ஃப்ரேமுக்கு அடியில் ஒளிந்திருக்கும் கையெழுத்து, வாங்கியவர் கண்ணுக்குத் தெரியாதே!

ஆனால், மடத்தின் தலைவரிடமும் ஒரு கேள்வி கேட்கலாம். நேற்று வரை அழகாக இருந்த ஓவியம், பெயர் மாறியதும் ஏன் அழகில்லாமல் போனது? அவர் வாங்கியது ஓவியத்தையா, பெயரையா?

மன்னரும் ஏமாந்தார்

1692-ல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் கார்லோஸ், லூக்காவைத் தன் அரசவைக்கு அழைத்தார். பத்து வருடங்கள் அங்கே இருந்தார். எஸ்கோரியல் அரண்மனை மடத்தின் பெரிய படிக்கட்டுக்கு மேலேயும், அங்குள்ள தேவாலயத்தின் கூரைகளிலும் பிரமாண்டமான ஓவியங்களை இரண்டு வருடங்களுக்குள் முடித்தார். ‘ஃபா பிரெஸ்தோ’ என்றால் சும்மாவா!

‘இந்த பஸ்ஸானோ ஓவியத்துக்கு ஜோடி இல்லையே’ என்று ஒருமுறை மன்னர் வருத்தப்பட்டாராம். லூக்கா ரகசியமாக அதே பாணியில் ஒன்று வரைந்து மாட்டிவிட, மன்னரும் பழைய ஓவியம் என்றே நம்பினார் என்று ஒரு கதை உண்டு.

வெலாஸ்கஸின் ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்தைப் பார்த்து லூக்கா வியந்து போனார். அவருக்கு மரியாதை செய்வதுபோல ஓர் ஓவியமும் வரைந்தார். அது இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. தமாஷ் என்னவென்றால், 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அது அந்த கேலரிக்கு வந்தபோது வெலாஸ்கஸே வரைந்தது என்று நினைத்தார்கள்!

சரி, அவருடைய ஸ்டைல் எது?

எல்லார் மாதிரியும் வரையத் தெரிந்தவருக்கு இந்தக் கேள்வி நிழல்போலத் தொடரும். லூக்காவையும் தொடர்ந்தது. இன்று செயலியில் ஒரு போட்டோவைக் கொடுத்தால், நொடியில் வான்கோ பாணிக்கு மாறிவிடுகிறது. பாணியை எடுப்பது சுலபமாகிவிட்டது. அதற்குப் பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் இப்போதும் விஷயம்.

லூக்காவின் பதில் நேப்பிள்ஸில் இருக்கிறது. 1702-ல் ஊர் திரும்பியவர், 1704-ல் ஒரு சிற்றாலயத்தின் கூரையில் ‘யூதித்தின் வெற்றி’ என்ற ஓவியத்தைத் தீட்டினார். ஒளியும் காற்றும் நிறைந்த வானம், அதில் சுழலும் மனிதர்கள். ரிபேராவின் இருட்டு இல்லை, டியூரரின் முத்திரை இல்லை. பார்த்ததுமே ‘இது ஜோர்தானோ’ என்று சொல்லிவிடலாம். அடுத்த வருடம் ஜனவரியில் அவர் காலமானார்.

அந்தச் சிற்றாலயம் எங்கே இருக்கிறது தெரியுமா? அதே சான் மார்த்தினோ மடத்தில்! போலி டியூரரால் ஏமாந்த மடம், ஐம்பது வருடங்கள் கழித்து ஒரிஜினல் லூக்காவைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது. இன்று அது மியூசியம். நேப்பிள்ஸ் போகிறவர்கள் கொஞ்சம் அண்ணாந்து பார்த்துவிட்டு வாருங்கள்.