‘ஆனால்’... யாரைக் கேட்டு?

முகையூரில் பிளஸ் டூ படிக்கிற ஒரு பையனிடம் கீழே இருக்கிற ஐந்து வரியைக் காட்டுங்கள்.

@( மதிப்பெண் >= 35 ) ஆனால்
   பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
   பதிப்பி "மறுதேர்வு"
முடி

இது என்ன என்று கேட்டால், கொஞ்சம் தலையைச் சொறிந்துவிட்டுச் சொல்லிவிடுவான். 35 எடுத்தால் பாஸ், இல்லாவிட்டால் மறுபடியும் எழுதணும். ஓர் ஆங்கில எழுத்து கூட இல்லாமல் ஒரு கம்ப்யூட்டர் நிரலைப் படித்து முடித்துவிட்டான்! அப்புறம் அவன் ஒரு கேள்வி கேட்பான். "அதென்னங்க ‘ஆனால்’? ‘படிச்சேன், ஆனால் பாஸாகலை’ன்னுதானே சொல்லுவோம்? ‘என்றால்’னு போட்டா என்ன?"

நல்ல கேள்வி. இந்தக் கேள்வியை அவன் யாரிடம் கேட்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இந்தக் கட்டுரையின் சண்டை அதைப் பற்றித்தான்.

முதலில் விஷயம். மேலே இருப்பது ‘எழில்’ என்ற நிரல்மொழி. அமெரிக்காவில் வாழும் முத்து அண்ணாமலை 2007 கடைசியில் எழுதத் தொடங்கி, 2013-ல் பொதுவில் அறிவித்த மொழி. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் ஆங்கிலச் சொற்களோடு மல்லுக்கட்டாமல் நிரல் எழுதப் பழக வேண்டும் என்பதுதான் நோக்கம். உள்ளே இயங்குவது பைத்தான். கட்டற்ற மென்பொருள், அதாவது உள்ளே இருக்கும் மூலநிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதை மற்றவருக்குக் கொடுக்கலாம்.

‘ஆனால்’ என்ற சொல்லுக்கு நியாயம் இல்லாமல் இல்லை. ‘ஆகு’ என்பதிலிருந்து வந்த சொல் அது. ‘அப்படியானால்’, ‘முடியுமானால்’ என்று நிபந்தனைப் பொருளில் இன்றும் பேசுகிறோம். அதைவிட முக்கியம், அது நிற்கும் இடம். ஆங்கிலத்தில் ‘இஃப்’ முன்னால் வரும், நிபந்தனை பின்னால் வரும். தமிழில் தலைகீழ். ‘மழை பெய்தால்’ என்பதில் ‘ஆல்’ கடைசியில்தான் ஒட்டுகிறது. எழிலும் நிபந்தனையை முதலில் எழுதி, ‘ஆனால்’ என்பதைப் பின்னால் போடுகிறது. ‘வரை’ என்ற சொல்லும் அப்படித்தான், நிபந்தனைக்குப் பின்னால் வரும். யோசித்துச் செய்த வேலை இது, சும்மா ஆங்கிலச் சொல்லைப் பெயர்த்துப் போட்ட வேலை இல்லை.

அப்படியானால் பையன் சொன்னது தப்பா? அதுவும் இல்லை. அவன் காதில் ‘ஆனால்’ என்பது முதலில் மறுப்புச் சொல். பதினேழு வருஷம் அப்படித்தான் கேட்டிருக்கிறான். படித்துப் பழகும் ஆளுக்காக ஒரு மொழி என்றால், படிக்கும் ஆளின் காது ஒரு சாட்சி. அந்தச் சாட்சியம் கலிஃபோர்னியாவில் கிடைக்காது, பெங்களூரில் கிடைக்காது. முகையூரிலும் கண்டாச்சிபுரத்திலும்தான் கிடைக்கும்.

இங்கேதான் நம்மவர்களில் இரண்டு கோஷ்டி குறுக்கே வருகிறது.

முதல் கோஷ்டி ‘கைதட்டும் கோஷ்டி’. தமிழில் நிரல்மொழி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் ‘தமிழேண்டா’ என்று நாலு பேருக்கு அனுப்பிவிட்டு, அத்தோடு கடமை முடிந்தது என்று தூங்கப் போய்விடுவார்கள். ஒரு நாள் அதை நிறுவிப் பார்த்ததுண்டா? பத்து வரி எழுதியதுண்டா? எந்த வரியில் பிழை வந்தது, பிழைச் செய்தி புரிந்ததா என்று எழுதி அனுப்பியதுண்டா? கட்டற்ற மென்பொருளுக்குக் கைதட்டல் சோறு போடாது. பிழை அறிக்கை போடும்.

இரண்டாவது கோஷ்டி ‘வேலை கிடைக்குமா கோஷ்டி’. "தமிழில் நிரல் எழுதினால் எந்த கம்பெனி வேலை தரும்?" என்று ஒரே போடு. அய்யா, ஒன்றாம் வகுப்பில் ‘அம்மா, ஆடு, இலை’ படித்தபோது எந்த கம்பெனி வேலை தருவதாகச் சொன்னது? சைக்கிள் பழகும்போது பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடி வருவார், அவரை ஆயுசுக்கும் யாரும் கூட்டிக்கொண்டு போவதில்லை. நிபந்தனை, சுழற்சி, நிரல்பாகம் என்கிற மூன்று கருத்தும் மண்டையில் ஏறிவிட்டால் பைத்தான் என்ன, எந்த மொழியும் வரும்.

இரண்டு கோஷ்டியும் எதிரெதிர் மாதிரி தெரியும். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: நிரல்மொழி என்பது எங்கேயோ யாரோ செய்து அனுப்பும் பொருள், நம் வேலை அதை வாங்குவது அல்லது வேண்டாம் என்பது. இந்த எண்ணம் தப்பு என்பதற்கு வரலாறே சாட்சி.

பைத்தானையே எடுத்துக்கொள்ளுங்கள். கீடோ வான் ராசம் 1991-ல் வெளியிட்டார் என்பது ஒரு மார்க் கேள்வி, எல்லோருக்கும் தெரியும். அதற்கப்புறம் அது எப்படி மாறிக்கொண்டே வந்தது? ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் ஒரு முன்மொழிவு ஆவணம் எழுதி, பொதுவில் வைத்து, வாதம் நடந்து, பிறகே முடிவு. அப்படி ஒரு முன்மொழிவுதான் 3131 என்ற எண் கொண்டது, ஆண்டு 2007. மாறிகளுக்கு ஆங்கிலம் அல்லாத எழுத்துகளிலும் பெயர் வைக்கலாமா என்பது கேள்வி. வைத்தால் ஒருவர் எழுதியது இன்னொருவருக்குப் புரியாமல் போகும் என்று எதிர்த்தவர்கள் உண்டு. கடைசியில் முன்மொழிவு ஏற்கப்பட்டது. அதனால்தான் பைத்தான் 3-ல் இன்று இப்படி எழுத முடிகிறது:

வட்டி = அசல் * காலம் * வீதம் / 100

பைத்தான் 2-ல் இந்த வரி பிழை. காமர்ஸ் படிக்கிற ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு ‘அசல்’ என்றும் ‘வட்டி’ என்றும் எழுதும் உரிமை வானத்திலிருந்து விழவில்லை. யாரோ சிலர் கேட்டார்கள், வாதாடினார்கள், கிடைத்தது. அந்த வாதத்தில் எத்தனை பேர் நம்மூர் பிள்ளைகளை மனதில் வைத்துப் பேசியிருப்பார்கள்?

மாற்றத்தின் சுமையோ எல்லோர் தலையிலும் விழுகிறது. பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில். ‘பிரிண்ட்’ என்பதற்கு அடைப்புக்குறி கட்டாயமானது. பழைய நோட்டில் எழுதி வைத்த நிரல் அப்படியே அடித்தால் ஓடாது. பைத்தான் 2-க்கான ஆதரவை 2015-ல் நிறுத்துவதாக இருந்து, 2020 ஜனவரி 1 வரை தள்ளிப்போட்டார்கள். ஏன் தள்ளினார்கள்? அதையே நம்பி இருந்தவர்கள் இன்னும் மாறி முடிக்கவில்லை என்பதால். பாதிக்கப்பட்டவர் குரல் கேட்டால் தேதி மாறும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

"எல்லாரும் வாயைத் திறந்தால் வேலை நடக்குமா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெர்ல் மொழிக்காரர்கள் 2000-ல் அடுத்த பதிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று ஊரைக் கூட்டிக் கேட்டார்கள். 361 யோசனைகள் வந்து குவிந்தன. பெர்ல் 6 நிலையான வடிவத்தில் வெளிவந்தபோது 2015 டிசம்பர் ஆகிவிட்டது. பதினைந்து வருஷம்! கடைசியில் 2019-ல் பெயரையும் ‘ராக்கு’ என்று மாற்றிக்கொண்டது. (ராகு பெயர்ச்சி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள் :) ) பைத்தானிலும் 2018-ல் 572-ஆம் முன்மொழிவு ஒன்றுக்காக நடந்த சண்டையில் மனம் வெறுத்துப்போய், கீடோ தலைமைப் பொறுப்பிலிருந்தே விலகினார். அதற்கப்புறம் 2019-ல் மையக் குழுவினர் ஓட்டுப் போட்டு ஐந்து பேர் கொண்ட வழிகாட்டும் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவர் மட்டும் முடிவு செய்த காலம் முடிந்தது.

ஆக, கூட்டம் கூடிக் கத்துவது பங்கேற்பு ஆகாது. சரி, பிறகு எது பங்கேற்பு? கோ மொழியில் நடந்ததைப் பாருங்கள். 2019-ல் கூகுளைச் சேர்ந்த அதன் குழு, பிழைகளைக் கையாள ‘டிரை’ என்று ஒரு வசதியை முன்மொழிந்தது. பயன்படுத்துபவர்கள் எதிர்த்தார்கள். படிக்கும் ஆள் எங்கே குழம்புவார், பிழை தேடும்போது என்ன சிக்கல் வரும் என்று காரணங்களை அடுக்கினார்கள். அதே வருஷம் ஜூலையில் முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. அவ்வளவு பெரிய கம்பெனி, கேட்டுக்கொண்டது. கத்தலுக்கும் சாட்சியத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். "எனக்குப் பிடிக்கலை" என்பது கத்தல். "இந்த இடத்தில் இருபது பேரில் இத்தனை பேர் தடுக்கி விழுந்தார்கள்" என்பது சாட்சியம்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது புதுசே இல்லை. ஒரு கம்பெனியில் ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு 21 நாள் முன்னதாக அறிவிப்பு போக வேண்டும் என்கிறது 2013 கம்பெனிகள் சட்டம். அவர் வருவாரா, பேசுவாரா என்பது அவர் பாடு. அறிவிப்பு போயே ஆக வேண்டும். கட்டற்ற மென்பொருளில் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் பங்குதாரர்தான். கதவு திறந்தேதான் இருக்கிறது. அறிவிப்புதான் முகையூர் வரை வந்து சேர்வதில்லை. வந்தாலும் ஆங்கிலத்தில் வருகிறது.

அப்போது குற்றவாளி யார்? வெளிநாட்டுக்காரன் இல்லை. சொல்லித் தராத நம் படிப்பு முறைதான். தமிழ்நாட்டில் 2019-20-லிருந்து பிளஸ் டூ கணினி அறிவியலில் பைத்தான் இருக்கிறது. கணினிப் பயன்பாடுகள் எடுக்கும் காமர்ஸ் பிள்ளைகளுக்கு பி.எச்.பி. இரண்டுமே ஊர் கூடி இழுக்கும் தேர்கள். பி.எச்.பி.யில் ஒரு மாற்றம் வர வேண்டுமானால் முன்மொழிவு எழுதி, விவாதித்து, ஓட்டெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வாங்க வேண்டும். ஆனால் பிள்ளைகளுக்கு அந்த மொழிகள் போய்ச் சேரும் விதம் எப்படி? திருக்குறள் மனப்பாடப் பகுதி மாதிரி. இப்படித்தான் இருக்கும், இதை மாற்ற முடியாது, அப்படியே எழுது, மார்க் வாங்கு. ‘யார் உருவாக்கினார்’ என்பது கேள்வி. ‘யார் மாற்றுகிறார்கள், நீ எப்படி மாற்றச் சொல்லலாம்’ என்பது கேள்வியாக வந்ததை எந்தப் பிள்ளையாவது பார்த்ததுண்டா? பாடம் நடத்தியும் பங்குதாரரை வாடிக்கையாளராகவே வெளியே அனுப்புகிறோம்.

மாற்றுவதற்குக் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை. விழுப்புரத்திலேயே குனு/லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகளாக இயங்குகிறது, கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்றுத் தருகிறது. கல்லூரி கம்ப்யூட்டர் லேப் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை போதும். இருபது பிள்ளைகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து உட்கார வையுங்கள். ஒரு பாதிக்கு ‘ஆனால்’ இருக்கும் நிரலையும், இன்னொரு பாதிக்கு ‘என்றால்’ இருக்கும் நிரலையும் கொடுங்கள். யார் எங்கே நின்றார்கள், எதைத் தப்பாகப் படித்தார்கள் என்று ஒரு தாளில் குறியுங்கள். அதை எழிலை உருவாக்கியவர்களுக்குத் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள். ஒருவேளை ‘ஆனால்’ என்பதே ஜெயிக்கலாம். ஜெயிக்கட்டும்! அப்போது அது ஊரைக் கேட்டு வைத்த சொல்லாக இருக்கும்.

மூலநிரல் திறந்திருப்பதால் இன்னொரு வழியும் உண்டு. அவர்கள் ஏற்காவிட்டாலும் நீங்களே மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். காசு கொடுத்து வாங்கும் எந்தப் பூட்டிய மென்பொருளிலும் இந்த உரிமை கிடையாது.

முகையூர்க்காரர்களுக்கு இதன் அருமை மற்றவரைவிட நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். 2006 வரை முகையூர் என்று ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2008 மறுவரையறையில் அந்தப் பெயர் போய்விட்டது, 2011 தேர்தலில் தொகுதிப் பட்டியலில் முகையூர் இல்லை. வரைவை அரசிதழிலும் நாளிதழ்களிலும் வெளியிட்டு ஆட்சேபம் கேட்க வேண்டும் என்பது சட்டம். கேட்கிற நேரத்தில் சொல்லாமல் விட்டுவிட்டு, பெயர் போன பிறகு டீக்கடையில் உட்கார்ந்து புலம்புவதில் என்ன லாபம்?

நிரல்மொழிகளில் அந்த ஆட்சேப காலம் முடிவதே இல்லை. கதவு தினமும் திறந்திருக்கிறது. அந்தப் பிளஸ் டூ பையன் கேட்டானே, "என்றால்னு போட்டா என்ன?" என்று... அந்தக் கேள்வியை யாராவது ஒரு வாத்தியார், ஒரு சீனியர், ஒரு அண்ணன், எழுதி அனுப்பச் சொல்லித் தர வேண்டும். அவனைப் பார்த்து "இதெல்லாம் பெரியவங்க விஷயம், நீ பேசாம படி" என்று சொல்பவர்தான் தமிழில் நிரல்மொழி வளராததற்கு முதல் காரணம்.