முற்றத்து ஆமையும் கட்டளைச் சட்டமும்

சென்ற மார்கழி விடுமுறைக்கு இலண்டனிலிருந்து வந்த பேரன், தான் அங்கு வளர்க்கும் முள்ளெலியை இங்கே கொண்டுவரச் சட்டம் இடந்தருமோ என வினவினான். அனுமதிப்பத்திரமின்றி அத்தகைய பிராணியை இந்நாட்டினுள் கொணர்தல் ஆகாது என்றேன். “அப்படியாயின் உள்ளூர்ப் பிராணியொன்றை வளர்க்கலாமே, அப்பப்பா!” என்றான். யான் வாய் திறக்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் யாம் குடியிருந்த வீட்டு முற்றத்தில் நட்சத்திர ஆமையொன்று திரிந்தது. மன்னாரிலிருந்து மாமா கொணர்ந்தது. கீரையைத் தின்றுவிட்டுக் கிணற்றடி நிழலில் உறங்கும். 1967 இல் வெள்ளவத்தைக்குக் குடிபெயர்ந்தபோது, புதுவீட்டில் முற்றம் இல்லை. யானும் தம்பியும் அதனைக் கால்வாயில் விட்டு, புண்ணியம் செய்ததாக எண்ணி வீடு திரும்பினோம். ஆமையெனின் நீரில் வாழும் என்பதே அந்நாளில் எமது விலங்கியல் அறிவு! அதுவோ வறண்ட நிலத்து உயிர். நீரில் வாழ இயலாதது.

இன்று 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும், இவ்வாமையைப் பிடிப்பதை மட்டுமன்றி வைத்திருப்பதையும் குற்றமாக்கியுள்ளன. “பிடித்தவன் யானல்லன், வாங்கியவனே” என்பது நீதிமன்றில் எடுபடாது. இக்கடுமை வேண்டியதே. கட்டுநாயக்க விமான நிலையத்தில் பயணப் பெட்டிகளுள் ஆமைகள் பன்முறை அகப்பட்டுள்ளன. அருகும் உயிரினங்களின் வர்த்தகம் பற்றிய உலக மாநாடு 2019 இல் கொழும்பிலேயே கூடவிருந்தது; உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின் ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டு ஆகஸ்டில் நடந்தது. நட்சத்திர ஆமையின் சர்வதேச வணிக நோக்கிலான வர்த்தகத்தைப் பொதுவாகத் தடுக்கும் முதலாம் அட்டவணையில் அது சேர்க்கப்பட்டது அங்கேதான்.

ஆயினும் கடத்தற்காரனுக்கும், பாட்டன் காலத்து ஆமையைப் பேணும் விதவைத் தாய்க்கும் ஒரே வாயில் திறந்திருப்பது முறையோ? அவ்வம்மை அதனைத் திணைக்களத்திடம் ஒப்படைக்க அஞ்சுவாள். வழக்குக்கு அஞ்சியவள் இரவோடிரவாக நாடுவது, அன்று யாம் நாடிய அதே கால்வாயைத்தான்.

இந்தியா இதற்கொரு வழி கண்டது. தம்மிடமுள்ள வனவிலங்குகளை அறிவிக்க 2003 இல் 180 நாள் தவணை கொடுத்தது. 2020 இல் அயல்நாட்டு வளர்ப்புப் பிராணிகளுக்கு ஆறு மாதம். அத்தவணைக்குள் அறிவித்தோரிடம் பத்திரம் கேட்கப்படவில்லை. அதனைப் பயன்படுத்திக் கள்ளச் சரக்கை நல்ல சரக்காக்கியோரும் இருந்திருக்கலாம். ஆகவே எமது நாட்டில் பிராணியை வைத்துக்கொள்ளும் உரிமை வேண்டாம். ஒப்படைப்போர்க்கு மன்னிப்பு மட்டும் போதும்.

ஆறு மாதத் தவணை. பெயர், முகவரி கேளாத ஒரு வாயில். ஏற்கும் இடமாகத் தெகிவளை மிருகக்காட்சிச்சாலை. வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் சிறிது தூரமே. சட்டத்தரணிகளாகவும் திணைக்கள அதிகாரிகளாகவும் விளங்கும் எம் பழைய மாணவர் இதனை மனுவாக எழுதி அமைச்சுக்கு அனுப்புவராயின், முதற் கையொப்பம் இட யான் சித்தமாயிருக்கிறேன்.