ஆட்டுக்கொல்லி நோயும் அண்டை வீட்டார் உரிமையும்



திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள அகரம், தாடிக்கொம்பு போன்ற ஊர்களில் கொல்லைப்புறத்தில் இரண்டு மூன்று ஆடுகள் கட்டியிருக்கும் வீடுகள் இன்றும் உண்டு. அவற்றைப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பிள்ளையின் பள்ளிக் கட்டணமோ, எதிர்பாராத மருத்துவச் செலவோ வந்தால் ஓர் ஆட்டை விற்றுத்தான் சமாளிக்கிறார்கள். குர்பானிக்கென்று நிய்யத் வைத்துக் குட்டியிலிருந்தே வளர்க்கப்படும் ஆடும் உண்டு. அதற்குப் பிள்ளைகள் பெயர்கூட வைத்துவிடுவார்கள்.

தடுப்பூசி தவறிப்போவது இத்தகைய வீட்டு ஆடுகளுக்குத்தான். ஐம்பது ஆடு மேய்ப்பவர் முகாம் என்றைக்கு என்று விசாரித்து வைத்துக்கொள்வார். இரண்டு ஆடு வைத்திருப்பவரோ, “ரெண்டு ஆட்டுக்காக யார் போய் நிற்பது?” என்று இருந்துவிடுகிறார். இந்த எண்ணம் சரியன்று. ஊசி போடுவதும் போடாததும் என் சொந்த விஷயம் என்று ஆடு வளர்ப்பவர் எவரும் சொல்ல இயலாது என்பதே என் கருத்து.

ஆட்டுக்கொல்லி நோயை வெக்கை சார்பு நோய் என்றும் கால்நடை மருத்துவர்கள் அழைப்பார்கள். மனிதருக்கு வரும் தட்டம்மைக் கிருமியும் இதன் கிருமியும் ஒரே வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. எனினும் ஆட்டுக்கொல்லி மனிதரைத் தொற்றாது. கடுங்காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் சளி, வாய்ப்புண், துர்நாற்றமுள்ள கழிச்சல், பிறகு மூச்சுத்திணறல் என்று வரிசையாக வரும். பல ஆடுகள் ஒரு வாரம் பத்து நாளுக்குள் மடிந்துவிடும். முன்பு இந்நோயைக் கண்டிராத மந்தையில் பத்துக்கு ஒன்பது ஆடுகள்கூடச் சாகலாம். வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. மருத்துவர் தரும் மருந்துகள் கூடவே வரும் பிற தொற்றுகளைத் தடுத்து, ஆடு தாக்குப்பிடிக்கத் துணைசெய்யும், அவ்வளவே.

1942ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் அறியப்பட்ட இந்நோய், இந்தியாவில் முதன்முதலாக 1987இல் நம் தமிழ்நாட்டில்தான், விழுப்புரம் பக்கத்து அரசூரில் கண்டறியப்பட்டது. அங்கே நோயுற்ற செம்மறியாட்டிலிருந்து பிரித்த கிருமியை வீரியம் குறைத்து, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் தடுப்பூசி உருவாக்கினார்கள். அதற்கு ‘அரசூர் 87’ என்றே பெயர். நோய் வந்த ஊரின் பெயரே மருந்துக்கும் அமைந்தது. இதே குடும்பத்தைச் சேர்ந்த மாட்டு வெக்கை நோய், பல்லாண்டுத் தடுப்பூசிப் பணியால் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது. ஆட்டுக்கொல்லியையும் 2030க்குள் அவ்வாறே ஒழிக்க வேண்டும் என்பது உலக நாடுகளின் இலக்கு. ஊசி போடாத ஆடுகள் ஊருக்குள் சிதறிக் கிடக்கும்வரை அது எப்படி நிறைவேறும்?

நோயுற்ற ஒட்டகங்களை உடையவர் அவற்றை நலமான ஒட்டகங்களிடம் கொண்டுவர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. தவக்குல் பற்றி நீளமாகப் பேசுகிறோம். ஆனால், ஒருவரின் கால்நடை இன்னொருவரின் கால்நடைக்குக் கேடாகிவிடக் கூடாது என்னும் இந்த நுட்பமான கவனத்தைப் பேச மறந்துவிடுகிறோம்.

அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தையை எண்ணிப்பாருங்கள். பல ஊர் ஆடுகள் அங்கே உரசிக்கொண்டு நிற்கின்றன. புதன்கிழமை இரவு ஆடு இரையெடுக்காமல் மூக்கு ஒழுக நிற்கிறது. செத்துப்போனால் முழு நட்டம். எனவே மூக்கைத் துடைத்துவிட்டு விடிவதற்குள் வண்டியேற்றிவிடலாம் என்று மனம் சொல்லும். ஏழைக் குடும்பத்துக்கு அந்தத் தடுமாற்றம் எவ்வளவு கடுமையானது என்பதை நான் அறியாதவன் அல்லன். ஆனாலும் அது மோசடிதான். தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைத்து வைத்த வியாபாரியை நபியவர்கள் கண்டித்தார்கள். இங்கே மறைக்கப்படுவது ஈரமன்று, தொற்று. வாங்கிச் செல்பவரின் தொழுவமே வெறுமையாகிவிடக்கூடும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. சாவதற்குள் அறுத்துவிடுவது. உயிரோடு முறையாக அறுத்தால் கூடும் என்ற சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த இரத்தமும் குடலும் கழுவிய நீரும் தெருச் சாக்கடைக்குப் போனால், அங்கே மேயும் பக்கத்து வீட்டு ஆட்டின் கதி என்ன? தானாகச் செத்த ஆட்டை ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைப்பதே முறை. வாய்க்காலில் வீசுவது அக்கிரமம்.

“ஊசி போட்ட ஆடு குர்பானிக்கு ஆகுமா?” என்று கேட்போர் உள்ளனர். கண்பார்வைக் கோளாறு, நோய், நொண்டல், எலும்பும் தோலுமான மெலிவு ஆகியவை வெளிப்படையாகத் தெரியும் பிராணிகளே ஹதீஸில் விலக்கப்பட்டவை. ஊசி குத்திய தடம் அவற்றுள் எதில் சேரும்? நோய் வராமல் காப்பதுதான் குர்பானியைக் காக்கும். ஆயினும் கடைசி வாரத்தில் ஓடுவதில் பயனில்லை. எதிர்ப்பாற்றல் உண்டாகச் சுமார் இரண்டு வாரம் பிடிக்கும். ஆகவே துல்ஹஜ் பிறை பிறக்க இரண்டு மாதம் இருக்கும்போதே முடித்துவிடுவது நலம்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். ஜும்ஆவுக்குப் பின் எத்தனையோ அறிவிப்புகள் செய்கிறோம். கால்நடைத் துறையின் இலவச முகாம் எந்த நாள், எந்த இடம் என்பதையும் ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். பெண்களிடம் அச்செய்தி போய்ச் சேர வேண்டும். ஆட்டைப் பிடித்துக்கொண்டு போக ஆளில்லாத வீடுகளுக்கு நம் இளைஞர்கள் உதவலாம். நான்கு மாதக் குட்டியிலிருந்தே ஊசி போடலாம். ஒருமுறை போட்டால் ஏறத்தாழ மூன்றாண்டு பாதுகாப்பு. கரைத்த மருந்து வெயிலில் கெட்டுவிடும் என்பதால், சொன்ன நேரத்துக்கு, காலையிலேயே ஆட்டைக் கொண்டுபோய்விடுங்கள். காய்ச்சலில் இருக்கும் ஆட்டை அந்தக் கூட்டத்துக்குள் இழுத்துச் செல்லாமல், மருத்துவரிடம் தனியாகக் காட்டுங்கள். சந்தையில் வாங்கிய ஆட்டை மூன்று வாரமாவது வேறிடத்தில் கட்டி, தண்ணீர் வாளியையும் தனியாக வையுங்கள். ஊசி போட்ட தேதியைக் குடும்ப அட்டை வைக்கும் இடத்திலேயே எழுதி வையுங்கள். விற்கும்போது வாங்குபவரிடம் அதைக் காட்டலாம்.