கறுப்புத் திரைக்குப் பின்னால்

2022 செப்டம்பர் மழையில் பெங்களூரு வெளிவட்டச் சாலை மூழ்கியபோது, பெல்லந்தூர்ப் பக்கத்து ஊழியர்கள் பலர் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். அப்படிப்பட்ட நாளில் அலுவலகக் கணினியை வீட்டு மடிக்கணினியில் திறந்தால் சில நேரம் வெறும் கறுப்புத் திரை வரும். பழியை உடனே வீட்டு வைஃபை மேல் போடுகிறோம். இணைப்பே கிடைக்காதது வேறு, இணைப்பு கிடைத்தும் படம் வராதது வேறு. சத்தம் கேட்கிறது, படம் மட்டும் இல்லை என்றால் ரௌட்டரை அணைத்துப் போடுவது வீண்வேலை. தொலைவிலிருந்து கணினியைத் திறக்க உதவும் சன்ஷைன் போன்ற மென்பொருள்கள் அலுவலகத்தில் திரைக்குப் போகும் காட்சியைப் பிடித்துத்தான் நமக்கு அனுப்புகின்றன. அங்கே மானிட்டரைக் கழற்றிவிட்டால் பிடிப்பதற்குக் காட்சியே இல்லாமல் போகலாம். மானிட்டர் இருப்பதாகக் கணினியை நம்பவைக்கும் விரலளவு போலி பிளக் ஒன்றை அதன் எச்டிஎம்ஐ துளையில் செருகினால் பல நேரம் சரியாகிவிடும். சத்தமும் சேர்ந்து வரவில்லையா? அப்போது ஃபயர்வாலைப் பாருங்கள், படமும் சத்தமும் வரும் யூடிபி போர்ட்டுகள் அடைபட்டிருக்கக்கூடும். ஆனால் அவசரத்தில் இதற்குப் பதிலாக விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை இணையத்துக்கு அப்படியே திறந்துவைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். 2019 மே மாதம் வெளிவந்த புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை, கடவுச்சொல்லே இல்லாமல் அந்த வழியாகப் பழைய விண்டோஸ் கணினிகளுக்குள் நுழைய இடம் கொடுத்தது. விபிஎன் வழியாகத்தான் போக வேண்டும். இதையெல்லாம் ஊழியர் நள்ளிரவில் தனியாகத் தேடிக் கண்டுபிடிக்க விடுவது அநியாயம். மழைக்காலத்துக்கு முன்பே அலுவலகம் ஒருமுறை வெளியிலிருந்து இணைத்துச் சோதித்திருக்க வேண்டும், அந்தப் பிளக்கையும் வாங்கிச் செருகி.